ட்ரிகரை மாற்றினால் பிஸ்டல் 'அப்கிரேடு' ஆகுமா? வீடியோக்களில் வராத கணக்கும் சட்டமும்

துப்பாக்கி வீடியோ ஒன்றை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், யூடியூப் அடுத்தடுத்து அதையே காட்டும். அதில் அடிக்கடி வருவது ட்ரிகர் மாற்றும் வீடியோ. சமையலறை மேசை மீது ஒரு பிஸ்டல், பக்கத்தில் ஒரு சின்ன பாக்கெட். பழைய ட்ரிகரைக் கழற்றி, பளபளப்பான புது ட்ரிகரை மாட்டி, பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பைக்குக்கு சைலன்ஸர் மாற்றுவது போலத்தான் தெரியும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது பெரும்பாலும் சொந்த விருப்பம். இந்தியாவில் அதே பத்து நிமிட வேலை, குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனை உள்ள ஒரு சட்டப்பிரிவுக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தலாம். சட்டத்தை விடுங்கள், பாதுகாப்புக் கணக்கும் வீடியோவில் காட்டும் அளவுக்கு எளிதல்ல.

இந்தியத் துப்பாக்கிகளின் கதையைக் கொல்கத்தாவைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியாது. காசிப்பூர் ஆலையில் உற்பத்தி தொடங்கிய 1802 மார்ச் 18-ஐ ஒட்டித்தான் இன்றும் மார்ச் 18 படைக்கலத் தொழிற்சாலைகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நகருக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் 1904-ல் வந்தது இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. ட்ரிகர் மீதான சட்டக் கவலை எங்கிருந்து வருகிறது என்பதற்கான பதிலும் இதே நகரத்தில்தான் இருக்கிறது. முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம்.

ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் என்றால் என்ன?

தோட்டாவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதில் ஓர் ஊசி வேகமாக இடித்தால்தான் தோட்டா வெடிக்கும். அந்த ஊசியை இடிக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பின்னால் ஒரு சுத்தியல் இருந்து ஊசியை அடிப்பது. இதுதான் ஹேமர் வகை. இஷாப்பூரில் தயாரான 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இந்த வகை. பழைய பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டலின் இந்திய வடிவம் அது.

இன்னொன்று, சுத்தியலே இல்லாமல் ஊசியையே ஒரு ஸ்பிரிங்கில் இழுத்து வைத்து, விட்டுவிடுவது. கவணில் கல்லை இழுத்து விடுவது மாதிரி. இதுதான் ஸ்ட்ரைக்கர் வகை. இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைக் கொன்ற எஃப்என் 1910 பிஸ்டலும் ஸ்ட்ரைக்கர் வகைதான். ஆனால் அதை உலகம் முழுக்க போலீஸின் இடுப்புக்குக் கொண்டுவந்தது, 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட குளோக் 17.

குளோக்கில் வெளியே தெரியும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. உள்ளே மூன்று தடைகள் இருக்கின்றன. ட்ரிகரின் நடுவில் உள்ள சின்ன நாக்கு அழுந்தாமல் ட்ரிகர் பின்னால் போகாது. ட்ரிகர் பின்னால் போகாமல் ஊசிக்கு முன்னால் உள்ள தடுப்பு விலகாது. கீழே விழுந்தாலும் ஊசி நழுவாமல் ஒரு பிடிப்பு பார்த்துக்கொள்ளும். ட்ரிகரை முழுதாக இழுக்கும்போதுதான் மூன்றும் வரிசையாக விலகும்.

அதாவது இந்த வகை பிஸ்டலில் ட்ரிகர் என்பது சுடுவதற்கான பொத்தான் மட்டும் அல்ல. பாதுகாப்புப் பூட்டின் சாவியும் அதுதான். 'அப்கிரேடு' பற்றிப் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

அப்கிரேடு என்று எதைச் சொல்கிறார்கள்?

ட்ரிகர் விற்பவர்கள் பொதுவாக நான்கு விஷயங்களைச் சொல்வார்கள்:

• இழுவை எடை: ட்ரிகரை இழுக்க எவ்வளவு விசை வேண்டும். கிலோவிலோ பவுண்டிலோ சொல்வார்கள்.
• இழுவை தூரம்: விரல் எவ்வளவு தூரம் நகர்ந்த பிறகு தோட்டா வெடிக்கிறது.
• விடுபடும் புள்ளி: ஊசி விடுபடும் கணம் 'டக்' என்று தெளிவாக இருக்கிறதா, இல்லை இழுஇழு என்று இழுக்கிறதா.
• ரீசெட்: சுட்ட பிறகு அடுத்த குண்டுக்குத் தயாராக விரலை எவ்வளவு தளர்த்த வேண்டும்.

இதில் முதலாவதுக்குத்தான் விளம்பரம் அதிகம். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. குளோக் 17-ன் வழக்கமான இழுவை எடை சுமார் 2.5 கிலோ. தோட்டா நிரப்பிய பிஸ்டலின் மொத்த எடை சுமார் 900 கிராம். 900 கிராம் பொருளைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விசையை ஒரே விரலால் கொடுக்க வேண்டும். கை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். குறி தவறுவதற்கு இது முக்கியமான காரணம்.

அப்போ, எடையைக் குறைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

லேசான ட்ரிகரா, கனமான ட்ரிகரா?

நியூயார்க் காவல்துறை நேர் எதிராக யோசித்தது. பதற்றத்தில் போலீஸாரின் விரல் தவறுதலாக அழுத்திவிடக் கூடாது என்பதற்காக, சுமார் 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ இழுவை எடை உள்ள பிஸ்டல்களைக் கேட்டு வாங்கியது. வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிஸ்டலின் எடையோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு.

2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, ஒருவரைக் கொன்றுவிட்டு வந்த நபரை நோக்கி இரண்டு போலீஸார் 16 முறை சுட்டனர். அவர் இறந்தார். கூடவே தெருவில் இருந்த 9 பேர் காயமடைந்தனர். எல்லாமே போலீஸ் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் ஏற்பட்ட காயங்கள். கனமான ட்ரிகர் குறியைக் கெடுக்கிறதா என்ற விவாதம் அதன் பிறகு சூடுபிடித்தது.

லேசாக இருந்தால் தவறுதலாக வெடிக்கும் அபாயம், கனமாக இருந்தால் தவறான இடத்தில் படும் அபாயம். இரண்டுக்கும் நடுவில்தான் தயாரிப்பாளர்கள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த எண் மட்டும் தனியாக நிற்பதில்லை. ஸ்பிரிங், ஊசித் தடுப்பு, கீழே விழும் சோதனை எல்லாம் அதையொட்டியே அமைக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றவை பழைய கணக்கிலேயே இருக்கும்.

தயாரிப்பாளரே தடுமாறிய கதை

இந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு சிக் சாவர் பி320 நல்ல உதாரணம். இதுவும் ஸ்ட்ரைக்கர் வகை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தன் அடுத்த பிஸ்டலாகத் தேர்ந்தெடுத்தது இதன் ஒரு வடிவத்தைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், கடைகளில் விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்பது சோதனைகளில் வெளிவந்தது. யாரும் ட்ரிகரைத் தொடவே இல்லை.

எப்படி? இங்கேதான் 'எடை' என்ற சொல் நம்மை ஏமாற்றும். பிரச்சினை இழுவை எடை அல்ல, ட்ரிகர் என்ற உலோகத் துண்டின் சொந்த எடை. பஸ் திடீர் பிரேக் போட்டால் நிற்கும் பயணி முன்னால் சாய்கிறார் இல்லையா, அதேபோல் துப்பாக்கி தரையில் மோதி நின்றதும் கனமான ட்ரிகர் மட்டும் தன் வேகத்தில் தொடர்ந்து நகர்ந்தது. விரல் இழுத்த அதே விளைவு.

நிறுவனம் 'தன்னார்வ மேம்படுத்தல்' திட்டத்தை அறிவித்தது. பிஸ்டலைத் திருப்பி வாங்கி, எடை குறைந்த ட்ரிகரையும் அதோடு இணையும் உள்பாகங்களையும் மாற்றிக் கொடுத்தது. கவனியுங்கள்: ட்ரிகரை மட்டும் மாற்றவில்லை. ஊசி, அதைப் பிடித்து வைக்கும் சியர் ஆகியவையும் சேர்ந்தே மாறின.

கதை அதோடு முடியவும் இல்லை. யாரும் இழுக்காமலேயே வெடித்தது என்று பி320 மீது பல வழக்குகள். 2024 நவம்பரில் பிலடெல்பியாவில் ஒரு ஜூரி, பாதிக்கப்பட்டவருக்கு 1.1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. தங்கள் பிஸ்டல் பாதுகாப்பானது என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு.

பெரிய சோதனைக்கூடமும் பொறியாளர் படையும் உள்ள ஒரு நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சமையலறை மேசையில் நடக்கும் மாற்றத்தை யார் சோதிப்பார்கள்?

சரி, இந்தியாவில் இதைச் செய்யலாமா?

முதலில், வீடியோவில் வரும் பிஸ்டலே உங்களுக்குக் கிடைக்காது. அவற்றில் பெரும்பாலானவை 9 மி.மீ. இந்தியாவில் அது படைகளுக்கான தடைசெய்யப்பட்ட அளவு. சாதாரணத் தற்காப்பு லைசென்ஸில் கிடைப்பது .32 போன்ற அளவுகள்தான். கைத்துப்பாக்கி இறக்குமதியும் விளையாட்டு வீரர்களுக்கான விதிவிலக்கு தவிர, 1980களின் நடுவிலிருந்தே சாமானியருக்கு மூடிய கதவு.

லைசென்ஸோடு ஒரு .32 பிஸ்டல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ட்ரிகரை மாற்றலாமா? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை வரிசையாகப் படித்தால் படம் தெளிவாகும்.

பிரிவு 2: 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்கும். எனவே ட்ரிகரை வெறும் ஹார்டுவேர் கடை உதிரியாகச் சட்டம் பார்ப்பதில்லை.

பிரிவு 5: துப்பாக்கியைத் தயாரிக்க, விற்க, மாற்றியமைக்க, பழுது பார்க்க, சோதிக்க தனி உரிமம் வேண்டும். நீங்கள் வைத்திருப்பது 'வைத்துக்கொள்ளும்' உரிமம். அது வேறு, இது வேறு. சொந்தத் துப்பாக்கியை, வாங்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க இந்தப் பிரிவு வழிவிடுகிறது. சொந்தத் துப்பாக்கியை நீங்களே பழுது பார்க்க அப்படியொரு வழி அதில் இல்லை.

பிரிவு 6: குழலை வெட்டிக் குறுக்குவது, பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்குவது போன்றவற்றுக்கான தடை. 2019 திருத்தத்தில் இதோடு இன்னொன்று சேர்ந்தது: ஒரு வகைத் துப்பாக்கியை 2016 விதிகளில் உள்ள வேறொரு வகையாக மாற்றுவது.

பிரிவு 10: ஆயுதங்களைக் கடல், நிலம், ஆகாயம் எந்த வழியில் கொண்டுவரவும் உரிமம் வேண்டும். ஆயுதம் என்பதில் பாகங்களும் வரும். வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் செய்த ட்ரிகர் பாக்கெட் டம்டம் விமான நிலையத்தில் வந்து இறங்கினால், சுங்கத்துறைக்கு அது சாதாரண பார்சல் அல்ல.

பிரிவு 25: தண்டனை. பிரிவு 5, 6 மீறல்களுக்கு முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். முன்பு உச்சமாக இருந்தது இப்போது தொடக்கம்.

"சின்ன உதிரிதானே, விதிவிலக்கு இருக்குமே?" என்று கேட்கலாம். இருக்கிறது, பிரிவு 45-ல். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தச் சிறு பாகம், உங்களிடமோ மற்றவரிடமோ உள்ள மீதிப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கத்தில் இருக்கக் கூடாது. பிஸ்டலில் மாட்டத்தான் ட்ரிகர் வாங்குகிறீர்கள் என்றால், விதிவிலக்கின் கதவு அங்கேயே மூடிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. தடைசெய்யப்பட்ட ஆயுதம் எது என்பதைச் சட்டம் ட்ரிகரை வைத்தே சொல்கிறது: அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அல்லது தோட்டா தீரும்வரை தொடர்ந்து சுடும்படி வடிவமைத்த, அல்லது அப்படி மாற்றியமைத்த துப்பாக்கி. இந்த எல்லையைத் தாண்டும் உதிரிகள் அமெரிக்காவிலேயே பெரிய தலைவலி. 2024 மார்ச்சில் சிகாகோ நகரம் குளோக் நிறுவனத்தின் மீதே இதற்காக வழக்குப் போட்டது.

ஒரு சின்னப் பாகத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

இதற்கு 1914 கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 26. ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்த ஊழியர், 192 பெட்டிகளைத்தான் கிடங்குக்குக் கொண்டுவந்தார். மீதியைக் கொண்டுவரப் போனவர் திரும்பவே இல்லை. அந்தப் 10 பெட்டிகளில் 50 மாசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவை வங்காளப் புரட்சியாளர்களின் கைக்குப் போயின. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாலசோரில் பாகா ஜதின் நடத்திய கடைசிச் சண்டையில் ஒலித்தவையும் இந்த மாசர்கள்தான்.

1918-ல் வெளியான ரவுலட் கமிட்டி அறிக்கை இந்தப் பிஸ்டல்களுக்குக் கணக்கே எழுதியது. 44 பிஸ்டல்கள் 9 குழுக்களுக்குப் பிரிந்தன, 54 வழக்குகளில் பயன்பட்டன, 31 திரும்பக் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் எண் இருந்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமானது. அறிக்கை இன்னொன்றையும் குறிப்பிடுகிறது: பிஸ்டல் வைத்திருந்த பெட்டியையே அதன் பிடியில் மாட்டினால், தோளில் வைத்துச் சுடும் ரைபிள் மாதிரி ஆகிவிடும். ஒரு துணைப்பாகம் ஆயுதத்தின் வகையையே மாற்றிவிடும் என்ற கவலை அன்றே இருந்தது.

ஆங்கிலேய அரசுக்கு அது ஆட்சியைக் காப்பாற்றும் கவலை. சுதந்திர இந்தியாவுக்குக் கவலை வேறு, ஆனால் உதிரிபாகம் அதே இடத்தில்தான் நிற்கிறது. 2018-ல் கொல்கத்தா காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படை, இஷாப்பூர் தொழிற்சாலை ஊழியர்கள் உட்படச் சிலரைக் கைது செய்தது. கழிவு என்று ஒதுக்கிய துப்பாக்கிப் பாகங்கள் வெளியே கடத்தப்பட்டன என்பது குற்றச்சாட்டு. முழுத் துப்பாக்கிக்கு எண் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. தனித்தனிப் பாகத்தைப் பின்தொடர்வது கடினம். அதனால்தான் சட்டம் பாகத்தையும் துப்பாக்கி என்றே சொல்கிறது.

அப்போ போட்டி வீரர்கள் மட்டும் எப்படி மாற்றுகிறார்கள்?

அவர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை, 'அட்ஜஸ்ட்' செய்கிறார்கள். போட்டி பிஸ்டல்களில் இழுவை எடையைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைத் தயாரிப்பாளரே வைத்திருப்பார். அதற்கும் சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் கீழ் எல்லை போட்டிருக்கிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். போட்டியில் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். கல்லைத் தாங்காமல் விடுபட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை.

500 கிராம் என்பது குளோக்கில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே அது பரவாயில்லை, ஏன் என்றால் சூழல் வேறு. உத்தரவு வந்த பிறகுதான் தோட்டா ஏற்றுவார்கள், துப்பாக்கி இலக்கை நோக்கி மட்டுமே இருக்கும், இடுப்பில் செருகிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. அதே 500 கிராம் ட்ரிகரைத் தற்காப்பு பிஸ்டலில் வைத்து இடுப்பில் செருகினால், சட்டை நுனி மாட்டினாலே ஆபத்து.

ட்ரிகர் நுட்பமாக ஆக ஆக, கெட்டுப்போகும் வழிகளும் கூடும். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் மின்னணு ட்ரிகர் பிஸ்டல் பழுதானது. சரிசெய்துவிட்டு வருவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளிகளோடு 12-வது இடம், இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

சால்ட் லேக் செக்டர் 5-ல் வேலை பார்த்தாலும் சரி, சோழிங்கநல்லூரில் இருந்தாலும் சரி, இவற்றை மனதில் வையுங்கள்.

குடும்பத்தில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்து ட்ரிகர் இறுக்கமாகவோ, வழக்கத்துக்கு மாறாக லேசாகவோ தெரிந்தால், அது பழுது. கழற்றாதீர்கள். பழுது பார்க்கும் உரிமம் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வேலைக்கு ரசீது வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடமே எழுத்தில் கேளுங்கள். கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் அது காவல் ஆணையர், மாவட்டங்களில் ஆட்சியர்.

பழைய துப்பாக்கி பரம்பரையாகக் கைக்கு வந்தால், முன்பு யாராவது ஏதாவது மாற்றியிருக்கிறார்களா என்று அதே கடையில் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றியவர் தாத்தாவாக இருந்தாலும், இப்போது அது உங்கள் பெயரில் உள்ள ஆயுதம்.

ட்ரிகர் என்ற நுட்பத்தின் மீதுதான் ஆர்வம் என்றால், அதற்கு நேரான வழி துப்பாக்கி சுடும் கிளப். .177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. கொல்கத்தாவில் வடக்கு கல்கத்தா ரைபிள் கிளப் போன்ற பழைய அமைப்புகள் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் பிரிவில் நான்காம் இடம் பிடித்த ஜாய்தீப் கர்மாகரும் இந்த நகரத்துக்காரர்தான். அங்கே பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்: சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். முடிவெடுத்த பிறகு வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்த வேண்டும்.

குறி தவறுவதில் பெரும் பகுதியை இந்த இரண்டாவது பழக்கமே சரிசெய்துவிடும். அதற்கு எந்த உதிரிபாகமும் வாங்க வேண்டியதில்லை.